பிடுங்கிப் பார்க்க ஒரு டப்பா

பாப்பா கீரை நறுக்குகிற போட்டோவைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாலும் போட்டேன், ஆளாளுக்கு என்ன விதை, எங்கே வாங்கினாய், எத்தனை வயதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டுத் துளைக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நான் தோட்டக்காரன் இல்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்தும், பருத்திக்குக் களையெடுக்கக் கூப்பிட்டால் வரப்போர வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்கிற ரகம். இப்போது இருப்பது மும்பையில், செம்பூரில், நாலாவது மாடியில். பால்கனி கிடையாது. ஹால் ஜன்னலுக்கு வெளியே ஒன்றரை அடிக்குத் துருத்திக்கொண்டு நிற்கிற பெட்டிக் கிரில் ஒன்று உண்டு, துணி காய்வது, குடை காய்வது, பழைய சைக்கிள் ஹெல்மெட் கிடப்பது எல்லாம் அதில்தான், தோட்டமும் அதில்தான். கிழக்குப் பார்த்த ஜன்னல் என்பதால் காலை பத்து பத்தரை வரை வெயில் கிடைக்கும். அது போதும் என்று எனக்குத் தெரியவே ஆறு மாதம் ஆனது.

போன வருடம் ஜூனில் அவளுடைய நாலாவது பிறந்தநாளுக்கு யாரோ ஒரு பெட்டி கொடுத்தார்கள். உள்ளே காய்ந்த தேங்காய்நார் வில்லைகள் ஆறு, செர்ரித் தக்காளி விதை, குடமிளகாய் விதை, ஒரு குட்டி மண்வெட்டி. வில்லையில் வெந்நீர் ஊற்றினால் அது புஸ்ஸென்று மூன்று மடங்கு உப்பி எழும்பும், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த இரண்டு நிமிடத்தோடு அந்தப் பெட்டியின் வேலை முடிந்துவிட்டது. தக்காளி முளைக்கவே ஒரு வாரம் ஆகும், குடமிளகாய்க்குப் பத்துப் பதினைந்து நாள்கூட ஆகும். நாலு வயதுப் பிள்ளையிடம் பதினைந்து நாள் என்றால் அது காசிக்குப் போய்த் திரும்புகிற காலம். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் வில்லை ஆறும் பிட்டுப் போட்ட இட்லி மாதிரி தரையில் கிடந்தன. விதை என்ன செய்கிறது என்று பார்த்தாளாம். "இன்னும் தூங்குதுப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்து மூடினாள், மறுநாளும் எடுத்தாள்.

சரி, வேகமாக முளைக்கிறதாகப் பார்ப்போம் என்று நர்சரிக்குப் போய் வெண்டை விதையும் பாலக் விதையும் வாங்கி வந்தேன். பாக்கெட்டைப் பிரித்துக் கையில் கொட்டினால் விதை எல்லாம் ரோஸ் நிறம். பாப்பா "ஜெம்ஸ்!" என்று இரண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள், நல்லவேளை கையைத் தட்டிவிட்டேன். கடையில் விற்கிற விதைகளில் பல இப்படித்தான், மண்ணுக்குள் பூஞ்சை பிடிக்காமல் இருக்க தைராம் மாதிரி மருந்து பூசியிருப்பார்கள், மருந்து பூசியது என்று கண்ணுக்குத் தெரியத்தான் அந்தச் சாயமே. பாக்கெட்டின் பின்பக்கம் கடுகளவு எழுத்தில் எச்சரிக்கையும் இருந்தது. விவசாயிக்கு அது பிரச்சினை இல்லை, எதையும் வாயில் வைத்துப் பார்க்கிற வயசுப் பிள்ளைக்கு அது சரிப்படாது. அன்றைக்கு முடிவு செய்ததுதான்: சமையலறையில் நாம் தின்கிற விதை எதுவோ அதைத்தான் அவள் கையில் கொடுப்பது. பிடித்தால் முளைக்கட்டும், வாயில் போட்டால் போடட்டும்.

அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால் வெந்தயம் இருக்கிறது. இந்த ஊரில் ஒரு பிள்ளையோடு செடி வளர்க்க வேண்டும் என்றால் நான் வேறெதையும் முதலில் சொல்ல மாட்டேன். ராத்திரி இரண்டு ஸ்பூன் வெந்தயத்தை அவளே ஒரு டம்ளரில் ஊறப் போடுவாள். காலையில் அது உப்பிக் கொழகொழவென்று ஆகியிருக்கும், அந்தக் கொழகொழப்பில் விரலை விட்டு அளைவது அவளுக்குப் பள்ளிக்கூடம் போவதைவிட முக்கியமான வேலை. பிறகு டப்பா. ஜனவரியில் மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி வருமே, அந்தப் பிளாஸ்டிக் டப்பா இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும், அடியில் ஓட்டைகூட அவர்களே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்ட்ராபெர்ரி இல்லாத மாதங்களில் ஐஸ்கிரீம் டப்பாவில் சூடு பண்ணின ஸ்க்ரூடிரைவரால் ஐந்தாறு ஓட்டை, அது என் வேலை, அவளைப் பக்கத்தில் விடுவதில்லை. இரண்டு அங்குலத்துக்கு மண், மேலே வெந்தயத்தை நெருக்கமாகப் பரப்பி, விதை மறையும் அளவுக்கு மேலாக்க மண் தூவி, ஒரு நனைத்த துணி. பிள்ளைகள் விதை போட்டால் கைப்பிடியை ஒரே இடத்தில் கொட்டுவார்கள், தக்காளிக்கு அது பாவம், கீரைக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

இரண்டாம் நாள் வெள்ளையாக ஒரு வால். நாலாம் நாள் எல்லாம் தலை தூக்கிவிடும், சிலது விதைத்தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டே எழுந்திருக்கும், அந்தத் தொப்பியைக் கழற்றிவிடுவது பாப்பாவின் உத்தியோகம். எட்டாம் நாள் கத்தரிக்கோலால் நறுக்கித் தோசை மாவில் போட்டுவிடலாம். இன்னும் மூன்று வாரம் விட்டால் சரியான வெந்தயக்கீரை ஆகும்தான், ஆனால் விடாதீர்கள், எட்டு நாள்தான் நாலு வயதுக்குப் பொருந்துகிற அளவு. மும்பைக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. கடலோரத்து மணலில் வெந்தயத்தை நெருக்கமாக விதைத்து, இரண்டிலை விட்டதும் வேரோடு பிடுங்கி, விரல் தடிமனுக்குக் குட்டிக் குட்டிக் கட்டாகக் கட்டி விற்பார்களே, சமுத்திர மேத்தி என்று, அது இதேதான். வெள்ளைத் தண்டு, நுனியில் இரண்டு பச்சை. செம்பூர் ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட்டில் அதைக் காட்டியபோது, பாப்பா காய்காரம்மாவிடம் "எங்க வீட்லயும் இருக்கு" என்று தமிழில் சொன்னாள், அந்தம்மாவுக்கு என்ன புரிந்ததோ, ஒரு கட்டு சும்மா கொடுத்தார். வேரை நறுக்கிவிட்டு நாலு தண்ணீரில் அலச வேண்டும், இல்லையென்றால் பல்லில் நறநறவென்று மணல்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். முளை வந்த டப்பாவிலும் அவள் பிடுங்கிப் பார்ப்பதை நிறுத்தவில்லை. காலையில் ஒன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒன்று, பாட்டிக்கு வீடியோ காலில் காட்ட ஒன்று. நான் முதலில் கத்தினேன், பிறகு கெஞ்சினேன், செடிக்கு வலிக்கும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன், அப்படிச் சொன்னதற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன், ஏனென்றால் அன்று இரவு தட்டில் இருந்த கீரையைக் காட்டி "இதுக்கு வலிக்கலையா?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் புத்தி வந்து இரண்டு டப்பாவாக ஆக்கினேன். ஒன்று சாப்பிட, ஒன்று பிடுங்க. பிடுங்கும் டப்பாவில் எப்போது வேண்டுமானாலும், எத்தனை வேண்டுமானாலும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். மூடியில் அவளே கிரேயானால் ஒரு கை படம் வரைந்தாள்.

அந்த டப்பாவில் அவள் கண்டுபிடித்தவை எனக்கும் புதிது. முதலில் வெளியே வருவது வேர்தான், இலை அப்புறம்தான் என்று எனக்குப் புத்தகத்தில் படித்த ஞாபகம் இருந்தது, அவள் தினம் ஒன்றாகப் பிடுங்கி ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்து, "இது நேத்து, இது முந்தாநேத்து" என்று காட்டியபோதுதான் பார்த்தேன். விதை தலைகீழாக விழுந்திருந்தால்கூட வேர் வளைந்து கீழே போகிறது. ஒருநாள் பிடுங்கினதைத் திரும்ப நட்டு, அது பிழைக்கிறதா என்று பார்த்தாள், சிலது பிழைத்தது, சிலது மதியத்துக்குள் படுத்துவிட்டது. கடைக்குச் சொன்னால் இருபது ரூபாய் வெந்தயம் இரண்டு மாதத்துக்கு வருகிறது, பிடுங்கட்டுமே. அதில் ஆச்சரியம் என்னவென்றால், சாப்பிடும் டப்பாவை அதற்குப் பிறகு அவள் தொடவே இல்லை, நான் தொட்டால்தான் சண்டை.

இந்தக் கதையை அம்மாவிடம் போனில் சொன்னபோது அம்மா சிரித்தார். "இதென்ன அதிசயம், முளைப்பாரிதானே" என்றார். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு மாரியம்மன் கோயிலில் முளைப்பாரி எடுப்பார்கள், சட்டியில் எருவும் மண்ணும் போட்டு, தட்டைப்பயறு, பாசிப்பயறு, சோளம், கம்பு எல்லாம் விதைத்து, இருட்டு வீட்டுக்குள் வைத்துத் தண்ணீர் தெளித்து, ஒன்பது நாள் ராத்திரி கும்மி கொட்டி வளர்த்து, பிறகு தலையில் சுமந்து போய்க் கரைப்பார்கள். இருட்டில் வளர்வதால் முளை வெளிறிய மஞ்சளில், முழம் உயரத்துக்கு நெடுநெடுவென்று நிற்கும். "வெளிச்சம் பட விடாத ராசா, பட்டா பச்சை ஏறிரும், உயரமும் வராது" என்றார் அம்மா. ஒரு டப்பாவை ஷூ அலமாரிக்குள் வைத்துப் பார்த்தோம். பாசிப்பயறு ஐந்தே நாளில் கிரிலில் இருந்ததைவிட இரண்டு மடங்கு உயரம், நிறம் பால் மஞ்சள். வெளிச்சத்தைத் தேடி எட்டி எட்டி வளர்கிறது, வெளிச்சம் இல்லாததால் பச்சையம் உண்டாகவில்லை என்று நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் அதற்குள் அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஹாலைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள், அப்பத்தா போனில் குலவை போட, மண் பூராவும் சோபாவில்.

அடுத்த வேடிக்கை நவராத்திரியில். பக்கத்து வீட்டு ஆஜி, அதாவது மராட்டியப் பாட்டி, கூப்பிட்டு அனுப்பினார். அவர்கள் வீட்டில் முதல் நாள் கலசம் வைத்து, அதைச் சுற்றி மண் பரப்பிக் கோதுமையும் மற்ற தானியங்களும் தூவியிருந்தார்கள், ஒன்பது நாளில் அது வளர்ந்து நிற்கும். மராட்டிக்காரர்கள் வீட்டு வழக்கம். பாப்பா உள்ளே போனதும் "முளைப்பாரி!" என்றாள். ஆஜிக்கு நான் என் ஓட்டை மராட்டியில் விளக்கினேன், அவர் "அப்படியா, உங்கள் ஊரிலுமா" என்று என்னைவிட ஆர்வமாகக் கேட்டார். தசரா அன்று அந்த முளையில் இரண்டைக் கிள்ளி அவள் காதோரம் செருகிவிட்டார். ஒன்பது நாள் கணக்கு இரண்டு ஊரிலும் ஏன் ஒத்துப்போகிறது என்று கேட்டால் பெரியவர்கள் தேவியின் பெயரைச் சொல்வார்கள். எனக்கென்னவோ எந்த ஊர்ப் பிள்ளையும் அதற்கு மேல் பொறுக்காது என்று தெரிந்தவர்கள் யாரோ வைத்த கணக்காகத் தோன்றுகிறது.

தண்ணீர் விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் கையில் செடி சாவது பெரும்பாலும் வாடி அல்ல, முங்கி. பூவாளி வாங்கிக் கொடுத்தது என் தப்பு. ஒரு நாளில் ஆறு தடவை ஊற்றினாள், அது வழிந்து மூன்றாவது மாடிக்காரர் காயப்போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் செம்மண் கோலம் போட்டுவிட்டது. சொசைட்டி ஆபீசிலிருந்து இண்டர்காம் வந்தது. நான் கீழே போய் மன்னிப்புக் கேட்டு, சட்டையை வாங்கி வந்து துவைத்துக் கொடுத்தேன், கறை முழுதாகப் போகவில்லை. அன்று முதல் எல்லா டப்பாவுக்கும் அடியில் பழைய எவர்சில்வர் தட்டு, பூவாளிக்குப் பதில் மூடியில் ஊசியால் குத்தின அரை லிட்டர் பாட்டில். ஊற்றும் முன் விரலை முதல் கணு வரை மண்ணில் விட வேண்டும், மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்கு லீவு. இதை மட்டும் அவள் ஏன் என்று கேட்காமல் ஒத்துக்கொண்டாள், மண்ணில் விரல் விடச் சொல்லி அப்பாவே சொல்கிறாரே. இன்னொன்று, ஈர மண்ணின் கனம் நாம் நினைப்பதைவிட அதிகம், கிரிலின் கம்பி மேல் கட்டையில் தொட்டி வைப்பது வேண்டவே வேண்டாம், கீழே மனிதர்கள் நடக்கிறார்கள்.

ஜூலையில் விதைப்பதை நான் கைவிட்டுவிட்டேன். எங்கள் ஊரில் வருடம் முழுக்கப் பெய்வது ஏறக்குறைய இங்கே ஜூலை ஒரு மாதத்தில் கொட்டிவிடும். முளைத்த கீரை எல்லாம் தண்டின் அடியில் நூல் மாதிரி இளைத்து ஒரே ராத்திரியில் சாய்ந்துவிடுகிறது, ஈரத்தில் வருகிற பூஞ்சை அது, கடுகு, முளைக்கீரை எதுவும் தப்பவில்லை. மழைக்காலத்துக்கு என்று ஒரே ஒரு செடியைச் சொல்வேன், கொடிப்பசலை. இங்கே மாயாளு என்பார்கள், மார்க்கெட்டில் கட்டாக வரும். இலையைக் கூட்டுக்குக் கிள்ளிக்கொண்டு, தடித்த தண்டில் இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி செருகினால் போதும், பத்து நாளில் துளிர்க்கும், செப்டம்பருக்குள் கிரில் முழுக்க ஏறி எங்கள் ஜன்னலையே பச்சையாக்கிவிட்டது. பெய்கிற மழையில் ஜன்னலைத் திறந்து நாலு இலை கிள்ளி, கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி போடுவது இந்த ஊர் வழக்கம், அதை நாங்கள் முழு மனதோடு ஏற்றுக்கொண்டோம். பிறகு பழம் வந்தது, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக. நசுக்கினால் கத்தரிப்பூ நிறத்தில் சாறு. பாப்பா அதில் விரல் தோய்த்து நோட்டில் படம் வரைந்தாள், பிறகு சுவரில், பிறகு ஜூனியர் கேஜி யூனிபார்மில். நோட்டில் வரைந்தது சில வாரத்தில் மங்கிப் பழுப்பாகிவிட்டது. யூனிபார்மில் இருப்பது அப்படியே இருக்கிறது.

புதினாவுக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை, அவ்வளவு சுலபம். கடையில் வாங்கின கட்டில் தடித்த தண்டாக நாலு எடுத்து, கீழ் இலைகளை உருவிவிட்டு, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஜன்னலோரம் வைத்தால் ஒரு வாரத்தில் வேர் விடும், கண்ணாடி என்பதால் பிடுங்காமலே பார்க்கலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். அப்புறம் தனித் தொட்டியில் நடுங்கள், மற்ற செடியோடு வைத்தால் அது ஆக்கிரமித்துவிடும். சின்ன வெங்காயத்தில் முளைவிட்டதை நட்டால் பத்து நாளில் தாள் நறுக்கலாம், கற்பூரவல்லிக்கு ஒரு குச்சியை ஒடித்துச் செருகினால் போதும்.

கொத்தமல்லிதான் பொறுமையைச் சோதித்தது. நாம் கொத்தமல்லி விதை என்று சொல்கிற அந்த உருண்டை உண்மையில் ஒரு காய், உள்ளே இரண்டு விதை ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிளந்து போட்டால் நன்றாக முளைக்கும். ஊரில் செருப்புக் காலால் தேய்ப்பார்கள், நாங்கள் பூரிக்கட்டையால் உருட்டினோம், என் மனைவி அதைப் பார்த்தபோது நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுதவில்லை. நவம்பர் கடைசியில் போட்டது, வெயில் தணிந்த மாதம்தான் அதற்குச் சரி, மார்ச்சில் போட்டால் இலை விடும் முன் பூத்துவிடும். ஒரு வாரம் ஆயிற்று, ஒன்றும் இல்லை. பாப்பா மண்ணைக் கிளறினாள், முறைத்தாள், "இது கெட்ட டப்பா" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த வாரம் பார்த்து மனைவியின் தோட்டுத் திருகாணி ஒன்று தொலைந்து, மெத்தையைப் புரட்டி, வாஷிங் மெஷினைக் கவிழ்த்து, குப்பையைப் பேப்பரில் கொட்டி வீடே தலைகீழாக இருந்ததால் கொத்தமல்லியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பதின்மூன்றாம் நாள் பார்த்தால் டப்பா முழுக்கப் புல் மாதிரி முளைத்து நிற்கிறது. திருகாணி கிடைக்கவில்லை.

தக்காளிக் கணக்கை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ரசத்துக்கு நறுக்கிய நாட்டுத் தக்காளியில் ஒரு வில்லையை அப்படியே மண்ணில் வைத்து மூடினோம், ஆறாம் நாள் ஒரே இடத்தில் இருபது நாற்று. இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை ஆஜிக்கும் வாட்ச்மேனுக்கும் கொடுத்தோம். செம்மண், தேங்காய்நார்த் தூள், மண்புழு உரம், பெரிய தொட்டி இரண்டு, தாங்கக் கட்டிய கம்பு எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. ஒரு செடி இலை சுருண்டு கெட்டது, வெள்ளை ஈ கொண்டு வருகிற வைரஸ் நோய் அது, வந்தால் பிடுங்கிப் போட வேண்டியதுதான். இன்னொன்றில் பூ நிறைய வந்தது, காய் ஏழு பிடித்தது, இரண்டைப் புறா கொத்தியது, ஒன்றைப் பாப்பா பச்சையாகவே பறித்துவிட்டாள், மீதி நாலு. வாட்ச்மேன் தன் நாற்றை வெறும் பெயிண்ட் டப்பாவில் வைத்து, கிலோ கணக்கில் பறித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவர் இடத்தில் மதியம் வரை வெயில்.

கறிவேப்பிலை சுலபமான செடிகளில் சேராது, மெதுவாக வளரும், ஆனாலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், இலைக்காக அல்ல. எங்கள் செடியில் ஒருநாள் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது, துடைக்கப் போனால் நகர்ந்தது. கம்பளிப்பூச்சி இல்லை, ரோமம் கிடையாது, வழவழப்பான புழு. சின்னதாக இருக்கும்வரை எச்சம் மாதிரி வேடம், பெரிதானதும் இலைப் பச்சைக்கு மாறிவிட்டது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி ஒரு வாடையை விடும். பாப்பாவுக்கு அது போதாதா, ஒரு நாளைக்கு முப்பது தடவை கொம்பைப் பார்க்க வேண்டும், புழுவுக்கு ஓய்வு தேவை என்று நாளுக்கு இரண்டு தடவை என்று ரேஷன் வைத்தேன். அது தின்ற வேகத்தைச் சொல்லி முடியாது. இரண்டடிச் செடியில் குச்சி மட்டும் மிஞ்சும் நிலை, நாங்கள் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கி ரசம் தாளித்துக்கொண்டு, வீட்டுச் செடியைப் புழுவுக்கு விட்டுவிட்டோம். பிறகு அது கிரில் கம்பியில் கூடு கட்டியது, ஏறக்குறைய பத்து நாள் கழித்து ஒரு காலையில் கறுப்பாக, பின் சிறகில் வெள்ளைத் திட்டு வரிசையோடு வெளியே வந்து சிறகு காயும்வரை அங்கேயே தொங்கியது. காமன் மார்மன் என்பது பெயர். அதன் பெரிய சொந்தக்காரன் நீல மார்மன், மகாராஷ்டிராவின் மாநிலப் பட்டாம்பூச்சி, 2015இல் அறிவித்தார்கள். எங்கள் விருந்தாளி நீலமாக இல்லையே என்று பாப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். செடி மழைக்குத் துளிர்த்துவிட்டது.

பயந்துபோன ஒரு சம்பவமும் உண்டு. இலையைப் பறித்துத் தின்னலாம் என்று நாமே பழக்கிவிட்டோம் இல்லையா, ஒருநாள் லிஃப்ட் பக்கத்தில் வைத்திருந்த மணி பிளான்ட் இலையைக் கடித்துவிட்டாள். அடுத்த நிமிடம் வாய் எரிகிறது என்று அலறல். அந்த இலைக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கும், நாக்கிலும் உதட்டிலும் குத்தும். வாயைத் துடைத்து, கொப்பளிக்க வைத்து, குளிர்ந்த தயிர் கொடுத்து, டாக்டருக்குப் போன் போட்டேன், மூச்சுத் திணறலோ தொண்டை வீக்கமோ இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார், ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. மணி பிளான்டோடு போயிற்று. கீழே பார்க்கிங் ஓரத்தில் வரிசையாக அரளி நிற்கிறது, ரோட்டு நடுவிலும் அதுதான், அது உண்மையான விஷம். தக்காளிப் பழத்தைத் தின்னலாம், அதன் இலையைத் தின்னக்கூடாது என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இப்போது எங்கள் வீட்டில் சட்டம், கிரிலுக்குள் இருப்பதை மட்டும், அதுவும் கேட்டுவிட்டு. செடி வளர்க்க ஆரம்பிக்கிற முதல் நாளே இந்தச் சட்டத்தையும் போட்டுவிடுங்கள், நான் ஏழு மாதம் தாமதம்.

தானே வளர்த்தால் பிள்ளை காய்கறி சாப்பிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் பாதிதான் உண்மை. வெந்தய முளையைத் தோசையில் சாப்பிடுகிறாள், பசலை பஜ்ஜியில் மட்டும், புதினாவைச் செடியில் இருந்தே பறித்து ஆடு மாதிரி மெல்கிறாள், நாலு தக்காளியில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கடையில் வாங்குகிற கீரைக்கு இன்னும் அதே முகச்சுளிப்புதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மழைக்கு முன்னால் எல்லா டப்பாவையும் காலி செய்தோம். மே மாத வெயிலில் மண் ஓடாகக் காய்ந்து கிடந்தது, பழைய படுக்கை விரிப்பில் கொட்டி, வேரைப் பொறுக்கி, கட்டியை உடைத்து, கொஞ்சம் உரம் கலந்து வைத்தால் திரும்ப ஓடும். பாப்பா குந்தி உட்கார்ந்து கையாலேயே உதிர்த்துக்கொண்டிருந்தாள். கொத்தமல்லி டப்பாவிலிருந்து பாதி அழிரப்பர், ஒரு ஸ்பூன், முளைக்காத இரண்டு உருண்டை வந்தன. அப்புறம் அவளே கீழே இன்னும் ஆழமாகத் தோண்டி, எதையோ எடுத்து, மண்ணை ஊதி, உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தாள். திருகாணி.

நான் பேசாமல் சமையலறைப் பக்கம் பார்த்தேன். அவள் அதை இரண்டு விரலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேரே வரல" என்றாள்.